அரைப்பேரும் அரைப்பேரும்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருக்கும் என் மச்சான் ஞானசீலன், "கணக்கு சரியா வந்துச்சு மச்சான். அதாலதான் பயமா இருக்கு" என்றான். நடந்ததைப் பாதி சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மீதி என்னுடையது. கடிதம் எழுதிப் பழகிய கை. திகதி, இடம், விடயம் என்று வரிசையாகத்தான் வரும்.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய மலையில் இருபத்திரண்டு பெண்கள் (வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி இப்படித்தான் மூடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. சொன்ன கிலோ கொழுந்து நிறைந்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். அன்று நாலு மணிக்கு மலையிலேயே கொழுந்தை நிறுத்தார்கள். இருபது பெண்களுக்கு முழுப்பேர். கருப்பம்மாவுக்கும் றோசாலிக்கும் அரைப்பேர். ஞானசீலன் கூட்டினான்: இருபத்தொரு பேர்.

பிறகு, பனிக்குள் இறங்கிய தலைகளை எண்ணினான். இருபத்தொன்று. கணக்குக் கொப்பியைப் பார்த்தான். இருபத்தொன்று. "எல்லாரும் வந்தாச்சு, போங்க" என்றான்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு: எந்த முழு எண்ணையும் பின்னமாக எழுதலாம். 21 என்பது 42/2. ஆனால் 21ஐ மட்டும் பார்த்து, அதற்குள் இரண்டு பாதிகள் ஒளிந்திருக்கின்றனவா என்று சொல்ல முடியாது. விகிதமுறு எண்கள் என்ற பாடத்தில் இதைப் படித்தேன். சோதனையில் சரி விழுந்தது. அப்போது பயமாக இல்லை.)

3

லயத்து வீட்டு வாசலில் றோசாலியின் மகள் நிலக்ஷனா நின்றாள்.

"மாமா, அம்மா எங்க?"

"எல்லாம் வந்தாச்சு புள்ள. இருபத்தொன்னு. கொப்பியோட ஒத்துப்போச்சு."

"கொப்பில அம்மாவுக்கு எவ்வளவு?"

"அர."

"கருப்பம்மாக்காவுக்கு?"

"அதுவும் அர. ரெண்டும் சேந்தா ஒன்..."

அவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"என்னயப் பாத்தா அரத்தலயாவா இருக்கு?" என்றாள் பின்னால் வந்து நின்ற கருப்பம்மா. யாரும் சிரிக்கவில்லை.

4

மூவரும் திரும்ப மலை ஏறினார்கள். (றோசாலி கால் வழுக்கி விழுந்து கிடந்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். விழுந்திருந்தால் தூக்கி வரலாம்.)

மேல் நிரையில் கொழுந்து ஒடியும் சத்தம். றோசாலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த செடிகளில் கொழுந்தே இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"அம்மா, வாங்க. இருட்டப்போவுது."

"அரதானே போட்டிருக்கு. மிச்சத்த எடுத்துட்டு வர்றேன். மிச்சத்துல பாதி எடுத்துட்டேன்."

"அப்ப இன்னும் கால்வாசிதானே?"

"அதுலயும் பாதி எடுத்துட்டேன்."

"மிச்சம்?"

"இருக்குடி."

5

எழுதும்போது நான் கையை எடுத்த இடம் இது. ஒன்றுக்குப் பிறகு இரண்டு. முழு எண்களில் கால் வைக்க அடுத்த படி உண்டு. அரைக்கும் ஒன்றுக்கும் நடுவே அப்படியில்லை. எந்த இரண்டு பின்னங்களுக்கு இடையிலும் இன்னொன்று நிற்கிறது. பாதி பாதியாக எடுப்பவள் ஒன்றுக்கு மிகக் கிட்டப் போகலாம். போய்ச் சேரமாட்டாள்.

நிலக்ஷனாவுக்கு விளங்கிவிட்டது. "மாமா, முழுப்பேர் போடுங்க. போட்டு சத்தமா வாசிங்க."

"நிறுக்காம எப்படிப் புள்ள? தோட்டத்துத் தொர கேட்டா என் வேல போயிரும்."

"எங்கம்மா போறாங்க மாமா!"

முடிவு அ: எழுதினான். வாசித்தான். சத்தம் நின்றது. றோசாலி மெல்லத் திரும்பினாள். அவளுடைய முகத்தில் (இதற்கு மேல் ஒரு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: எழுதவில்லை. கருப்பம்மாவும் அவனும் இறங்கினார்கள். நிலக்ஷனா பக்கத்து நிரையில் நின்று, அம்மாவுக்கு உதவியாகக் கொழுந்து ஒடிக்கத் தொடங்கினாள்.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. கொப்பியில் றோசாலியின் பெயருக்கு நேரே உள்ள கட்டம் உங்களுக்கு. நிறுக்காமல் ஒன்று போடுவதா, அரையையே விடுவதா என்று நீங்கள் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மணி ஐந்தே முக்கால்.