நாலாம் லைனுக்கு வந்த மருந்து

2007ஆம் ஆண்டு ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பதினொன்று பத்துக்கு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சின்னத்தாயின் இடது கை நரம்பில் முதல் கீமோ மருந்து இறங்கத் தொடங்கியது. பதினொன்று நாற்பதுக்கு, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அருள்புரத்தில், பழனியம்மாள் வாந்தி எடுத்தாள். பழனியம்மாள் பனியன் கம்பெனியின் நாலாம் லைனில் கழுத்துக்கு ரிப் பட்டி வைக்கிறவள். பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். பதினாறு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் தும்மியதாகக்கூட யாருக்கும் நினைவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு முறை வாந்தி எடுத்தாள். காலையில் தின்றது பழைய சோறு என்பதால் எல்லோரும் பழைய சோற்றைக் குறை சொன்னார்கள்.

லைன் என்பது வரிசையாகப் போட்ட பத்துத் தையல் மெஷின். ஒரு பனியனை அங்கே யாரும் முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி தோளை இணைப்பாள், ஒருத்தி கழுத்து வைப்பாள், ஒருத்தி கை ஏற்றுவாள், இன்னொருத்தி பக்கவாட்டை மூடுவாள். துணி கை மாறி கை மாறிக் கடைசி மெஷினில் அடி மடிக்கப்பட்டு பனியனாக விழும். சின்னத்தாய் பதினோரு வருடம் அந்த லைனில் பக்கவாட்டு அடித்தாள். மருந்தும் அதே போலப் பிரிந்து வந்தது. வாந்தி பழனியம்மாளுக்கு. வாய்ப்புண் தோள் அடிக்கிற பெண்ணுக்கு. லைனில் அதிகம் பேசுகிறவள் அவள்தான் என்பதால் நான்கு நாள் லைன் அமைதியாக இருந்தது. நாக்கில் இரும்புச் சுவை கை ஏற்றும் அனுசுயாவுக்கு வந்தது. அவள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், அதனால் யாரும் கவனிக்கவில்லை, மாமியார் மட்டும் நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கிக் கொடுத்தாள். விரல் நுனி மரத்துப்போனது ஒருத்திக்கு, தூக்கம் போனது ஒருத்திக்கு. பதினேழாம் நாள் முடி உதிர்வது கடைசி மெஷினில் அடி மடிக்கும் தேவிப்பிரியாவுக்கு வந்தது. அவளுக்கு இருபது வயது, தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். முடி ஒட்டியிருக்கிறது என்று செக்கிங்கிலிருந்து நாற்பது பீஸ் திரும்பி வந்தது. பழனிக்கு நேர்ந்துகொண்டதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் பெண்ணின் பக்தியை மெச்சி ஒரு வெள்ளி வேல் கொடுத்துவிட்டார்கள்.

அசதி மட்டும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. அது ஒன்பது பேரிடமும் ஏற்கெனவே இருந்தது, புதிதாக வைக்க இடமில்லை. அதனால் அது மட்டும் சின்னத்தாயிடமே தங்கியது.

ஆஸ்பத்திரியில் அவள் பதினாறு மணி நேரம் தூங்கினாள். விழித்திருந்த நேரத்தில், போர்வையிலிருந்து டம்ளர் வரைக்கும் கையை நகர்த்த வேண்டுமென்றால் முதலில் அதைப் பற்றி யோசித்து முடிக்க வேண்டியிருந்தது. சொட்டுகளை எண்ணுவாள், நிமிடத்துக்கு நாற்பது. இருநூறுக்கு மேல் எண்ண மனம் வராது. மற்றபடி அவளுக்கு ஒன்றுமில்லை. வார்டில் இருந்த பதினான்கு பெண்களும் வாந்தி பேசினைக் கட்டிக்கொண்டு கிடக்க, அவள் இட்லி தின்றாள். கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கும் அவள் புருஷன் இசக்கிமுத்து, அவளைச் சேர்த்திருக்கும் நாட்களில் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் இருப்பான். ஒரு நாள் புரோட்டா வாங்கி வந்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த குப்பாயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாராபுரம் பக்கத்து வெங்காயக் காடுகளில் களையெடுத்தவள், புருஷனும் பிள்ளையும் இல்லை, தனியாகவே பஸ் ஏறி வந்து தனியாகவே மருந்து ஏற்றிக்கொள்கிறவள். நோய் அவளுக்கு ஈரலுக்குப் போயிருந்தது. எத்தனை தடவை ஏற்ற வேண்டும் என்று அவளுக்கு மட்டும் டாக்டர்கள் எண்ணிச் சொல்லவில்லை.

“ஏனம்மிணி, உனக்கு ஏத்தறது மருந்தா, எளனித் தண்ணியா?”

“செவப்பாத்தான் இருக்கு எக்கா.”

“ரோஸ்மில்க்கும் செவப்பாத்தான் இருக்குது. எனக்கு ஏறுனா கொடலப் புடுங்குது. உனக்கு ஏறுனா நீ சால்னா பத்தலங்கறே.”

படுத்துகிற மருந்துதான் வேலை செய்கிற மருந்து என்பது அந்த வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சின்னத்தாய்க்குப் பயம் அங்கேதான் பிடித்தது. டாக்டரிடம் கேட்டாள். சிலருக்கு இப்படித் தாங்கும், நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அவர் சீட்டில் எழுதினார். அவள் நம்பவில்லை. குளியலறைக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தன் உடம்பு மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை, டாக்டர் சொன்ன ஆறு தடவையும் வீணாகப் போகும், தான் செத்துவிடுவோம் என்று முடிவுக்கு வந்தாள். அதைப் புருஷனிடம் சொல்ல அசதியாக இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் சூப்பர்வைசர் சென்னியப்பன். சின்னத்தாயின் மெஷினில் உட்கார இரண்டாம் லைனிலிருந்து தெய்வாத்தாளை இரவல் வாங்கியிருந்தார். லைனில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டும் எழுந்துகொண்டும் இருக்க, தெய்வாத்தாள் மட்டும் நன்றாக இருந்தாள். அவள் பெயர் இரண்டாம் லைன் ஏட்டில் இருப்பதால்தானோ என்று மூன்றாம் நாள் நாலாம் லைன் வருகை ஏட்டைத் திறந்தார். சின்னத்தாயின் பெயருக்கு நேராக மூன்று நாளும் வந்திருக்கிறாள் என்று பி போட்டிருந்தது. பதினோரு வருடமாக ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை என்பதால், நிமிர்ந்து பார்க்காமலே அவருடைய கை போட்டுவிட்டிருந்தது. வெள்ளை மை தடவி பி-யை அழித்தார். பழனியம்மாள் தலையைத் தூக்கி, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஐந்தாவது நிமிடம் இசக்கிமுத்து போன் செய்து, இவளுக்குத் தொண்டை வரைக்கும் வருதுங்காளே சார் என்றான். சென்னியப்பன் மறுபடி பி எழுதினார். வந்தது தொண்டையிலிருந்து திரும்பிப் போய்விட்டதாக இசக்கிமுத்து போனை வைக்காமலே சொன்னான். பழனியம்மாள் வாளியைத் தேடினாள்.

டீ நேரத்தில் சென்னியப்பன் லைனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். “தப்பு எம்மேலதானுங்க. நாளையிலிருந்து வரலீன்னு ஏ போட்டர்றேன். உங்களுக்கெல்லாம் செரியாப் போயிருமுங்க.”

பழனியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஏனுங்க, ஒரு பனியன ஒருத்தியே முழுசாத் தெச்சா ஒரு நாளைக்கு எத்தன வருமுங்க?”

“பதினஞ்சு வருமுங்க. இருவது வந்தா அதிசயம்.”

“லைனுல?”

“ஆயரத்தி எரநூறு.”

“அப்பறம் என்னுங்க. பி போடுங்க.”

தோள் அடிக்கும் பெண் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். சின்னத்தாய்க்குச் சொல்ல வேண்டாம் என்று இசக்கிமுத்து கேட்டுக்கொண்டான். தேவிப்பிரியாவுக்கு முடி கொட்டத் தொடங்கியபோது, இடம் மாற்றித் தரட்டுமா என்று சென்னியப்பன் தனியாகக் கேட்டார். “அந்த மெஷினுல வேற புள்ள உக்காந்தா அதுக்குக் கொட்டும்ங்கண்ணா. சும்மா இருங்க” என்று அவள் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது மருந்தும் மூன்றாவதும் இப்படியே ஏறின. டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கிய காலம் அது. ஆர்டர் குறைந்து ஆறாம் லைனையும் ஏழாம் லைனையும் மூடினார்கள். மிச்சமிருந்த ஆர்டரைக் காப்பாற்ற வேண்டும் என்பதால், ஐப்பசியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தபோது ஆபீஸ் கண்டிப்பாக இருந்தது. ஏட்டில் எத்தனை பி-யோ அத்தனை தலை லைனில் இருக்க வேண்டும். ஆடிட் மூன்று நாள். அந்த மூன்று நாளில்தான் நான்காவது மருந்து. சென்னியப்பன் வேறு வழியில்லாமல் ஏ போட்டார். அன்று நாலாம் லைனில் எல்லோரும் பசித்துச் சாப்பிட்டார்கள், ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. அந்த வருடத்தின் மிக அதிகமான உற்பத்தி அந்த மூன்று நாளில் வந்தது. ஆடிட்டர்கள் அதைப் பாராட்டிக் குறித்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. வாந்தி, வாய் வெந்துபோனது, விரல் மரத்தது, எலும்புக்குள் காய்ச்சல். மூன்று மருந்துக்கும் கொட்டாமல் இருந்த முடி ஒரே சாயங்காலத்தில் தலையணையில் தங்கிவிட்டது. சின்னத்தாய் சந்தோஷத்தில் அழுதாள்.

“எக்கா, ஏறுது. எனக்கும் மருந்து ஏறுது.”

“ஏறட்டும். பேசாம கக்கு” என்று குப்பாயி, ஊசி குத்தியிருந்த கையாலேயே அவளுக்குப் பேசினைப் பிடித்தாள். அந்த மூன்று நாளும் அவள்தான் பிடித்தாள். தன்னுடையது வரும்போது பேசினைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மூன்றாம் நாள் இசக்கிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலோரம் நின்று உள்ளதைச் சொன்னான்.

“இம்புட்டையுமா அவளுவ பங்கு போட்டுத் தின்னாளுவ?”

“ஆமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ விட்டிருக்க மாட்ட.”

“இனியும் விடமாட்டேன். தனியாத் தாங்கவும் எனக்குத் தெம்பில்ல. போதும், வீட்டுக்குப் போவோம்.”

பாதியில் நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்வதுபோல அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

அருள்புரத்து வாடகை அறையில் தீபாவளி வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐந்தாவது மருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பழனியம்மாளும் தேவிப்பிரியாவும் சென்னியப்பனும் வந்தார்கள். சென்னியப்பன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். தேவிப்பிரியா தலையிலிருந்த துணியை எடுத்தாள்.

“தடவிப் பாருங்க்கா. எண்ணெய்ச் செலவு, ஷாம்புச் செலவு எதுவுமே இல்லீங்க.”

சின்னத்தாய் கையை நீட்டவில்லை. “கல்யாணப் பிள்ள. இதப் பாக்கவா நான் பொழைக்கணும்?”

“கல்யாணம் எனக்கா, முடிக்குங்களா?”

“நீ நின்னுட்டீன்னா நாங்க இத்தன நாள் கக்குனதெல்லாம் ஆல்ட்ரேஷனுக்குத்தான் போகோணும்” என்றாள் பழனியம்மாள். “மூணு தடவ உன்றத நான் எடுத்தனல்ல, அத நீ வேஸ்ட்டு பண்ணுவியா?”

அவர்கள் கொண்டுவந்த அதிரசம் அப்படியே இருந்தது. விளக்குப் போடுகிற நேரம் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு சின்னத்தாயே பேசினாள்.

“எனக்கு வாங்கித்தான் பழக்கமில்ல மதினி. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கு லைனும் இல்ல, நாதியும் இல்ல. அவ பேரையும் ஏட்டுல எழுதுங்க. நான் எந்திச்சு வந்து என் மெஷின்ல உக்காந்து அவளதுல என் பங்க வாங்கிக்கிடுதேன். அப்பிடின்னா வாரேன்.”

“அந்தம்மா எந்தக் கம்பெனிங்க?” என்று சென்னியப்பன் வாசலிலிருந்து கேட்டார்.

“கம்பெனியவே பாத்ததில்ல. வெங்காயக் காடு.”

“படுத்திருக்கற ஆளுக்குப் பி போட்டாச்சு. பாக்காத ஆளுக்குப் போடறதுல என்னுங்க கொறைஞ்சு போச்சு” என்றார் சென்னியப்பன்.

குப்பாயிக்கு டோக்கன் நம்பர் 412. படிவத்துக்குத் தகப்பன் பெயர் வேண்டியிருந்தது, இசக்கிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னான். ஐந்தாவதும் ஆறாவதும் ஏறின. பழனியம்மாள் இரண்டு பேருக்கு வாந்தி எடுத்தாள், இரண்டு வாளி வைத்துக்கொண்டாள். தேவிப்பிரியாவுக்குப் புருவமும் போயிற்று. தை மாதத்தில் மையால் வரைந்துகொண்டு தாலி கட்டிக்கொண்டாள். மாசியில் சின்னத்தாய் வேலைக்கு வந்தாள். உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை மெஷின் மேல் தலை வைத்துக்கொள்வாள், சென்னியப்பன் வேறு பக்கம் நடப்பார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பதினோரு மணிக்கு அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குப்பாயிக்கு இன்றைக்கு ஏறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த துணிப் பண்டிலை அவிழ்த்தாள். அனுசுயா பிரசவத்துக்குப் போனாள். அவள் இடத்துக்குத் தெய்வாத்தாள் எழுதிக்கொடுத்து, பெயரை நாலாம் லைன் ஏட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள்.

குப்பாயிக்கு டாக்டர்கள் சித்திரை வரைதான் சொல்லியிருந்தார்கள். சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு நாலாம் லைனின் பத்து மெஷினும் ஒன்றாக நின்றன. கரண்ட் இருந்தது. பத்துப் பேருக்கும் கால் விரல் சில்லிட்டு முழங்கால் வரை ஏறியது, காது அடைத்தது, கண்ணுக்கு முன்னால் இருந்த வெள்ளைத் துணி பழுப்பாகத் தெரிந்தது. வாந்திக்கும் முடிக்கும் இருப்பதுபோல் சாவுக்கென்று தனி ஆள் லைனில் இல்லாததால், அது பத்துப் பேருக்கும் சமமாகப் பிரிந்து வந்திருந்தது. பத்தில் ஒரு பங்குச் சாவு ஆளைக் கொல்லுவதில்லை. மூன்று இருபத்துநான்குக்கு பழனியம்மாள் பெருமூச்சு விட்டாள், தோள் அடிக்கிறவள் ஏதோ பேசத் தொடங்கினாள், மெஷின்கள் ஓடின. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் ஒருவர் போனில் சொன்னார்: மூன்று இருபதுக்குக் குப்பாயியின் நாடி நின்றது, டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள், இப்போது அதில் உப்பில்லை என்று சண்டை போடுகிறாள்.

லைன் நின்றால் எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று சூப்பர்வைசர் எழுதித்தர வேண்டும். நான்கு நிமிடம், குப்பாயி என்று சென்னியப்பன் எழுதினார். ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நான்கு நிமிடத்தை டீ நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.