லைன் கடைசியில்

பேக்கப் முடியாமல் காஞ்சனா கம்ப்யூட்டர் அறையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஆபீசின் கணக்கெல்லாம் கேபிள் வழியாக ஊர்ந்து வந்து டேப்பில் ஏறி முடிவதற்குள், குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும்.

"இன்னாடி, உன் மிஷினு இன்னும் துன்னுகினு கீதா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பாள் ராஜலட்சுமி. ஃபேக்டரியில் வால்வு செய்யும் லைனின் கடைசியில் நின்று பெட்டி கட்டுகிறவள். கேஷுவல் லேபர், இந்த மாதம் தாண்டினால் பெர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ போ, புள்ள அழும்."

"அழட்டும். அப்பனும் புள்ளயும் அழுதாதான் சோறே துன்னுவாங்க."

கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் ஜீவானந்தம் பேக்கப்பை வேகமாக்க மெட்ராசிலிருந்து போனில் வழி சொன்னார். அவர் சொன்னபடி, ஒரு தடவைக்கு அனுப்பும் பாக்கெட்டின் அளவைக் காஞ்சனா பெரிதாக்கினாள். வந்த சேதி தங்கும் பஃபரைக் கூட்டினாள். இரண்டு நாள் வேகம் வந்தது, பிறகு படுத்துக்கொண்டது.

"கேபிளோட கடைசி முனையில ஒரு சின்ன மூடி இருக்கணும்மா, டெர்மினேட்டர்னு. அது இல்லேன்னா போற சேதி முட்டித் திரும்பி வரும்" என்றார்.

முனை மொட்டையாக இருந்தது. ஆபீசுக்கு எது வாங்கினாலும் பர்சனல் மேனேஜர் கோதண்டராமனின் கையெழுத்து வேண்டும். அவர் சீட்டில் இல்லை. ஜீவானந்தம் சொல்லச் சொல்ல எழுதியதை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்: மெட்ராஸ் போன். லைன் கடைசியில் டெர்மினேஷன் செய்யாததால் எல்லாம் ஸ்லோ. உடனே செய்யவும்.

கோதண்டராமன் மில்லிலிருந்து வந்தவர். அவருக்கு லைன் என்றால் ஆட்கள் நிற்கும் இடம். மெட்ராஸ் என்றால் ஹெட் ஆபீஸ். டெர்மினேஷன் என்றால் சீட்டைக் கிழிப்பது.

மறுநாள் காலை ராஜலட்சுமியை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

காஞ்சனா ஓடிப்போய் விளக்கினாள். கோதண்டராமன் முழுவதையும் கேட்டார்.

"ஹெட் ஆபீசுக்கு ஃபேக்ஸ் போயிடுச்சேம்மா, சொன்னபடி செஞ்சாச்சுன்னு. இப்ப தப்புன்னு எழுதினா சிரிப்பாங்க."

"அவ வேலை சார்."

"கேஷுவல்தானே. லைனுக்கு வேற ஆள் வந்தாச்சு. டெர்மினேஷன் ஆர்டர்ல காரணம் மட்டும்தான் போடணும். வேகம் பத்தலைன்னு டைப் பண்ணிடு." மூடி வாங்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "உன் ப்ரொபேஷன் எப்ப முடியுது?"

காஞ்சனா டைப் செய்தாள்.

மூடியைப் பொருத்திய அன்று பேக்கப் சீக்கிரமே முடிந்தது. பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. கேட் அருகே ராஜலட்சுமி காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"இங்கிலீஷ்ல கீது. இன்னா போட்டுகீறாங்க, பாத்து சொல்லு."

காஞ்சனா வெகுநேரம் படித்தாள். "நீ வேலையில மெதுவாம்."

"யாரு, நானா?" ராஜலட்சுமி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "எவன்டி இத்த டைப் அடிச்சது?"

காஞ்சனா காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.