புதன்கிழமைச் சங்கு

பதினைந்தே நொடிப் பேச்சு ஒன்று ஒரு சூறாவளியை ஏமாளியாக்கித் திருப்பி அனுப்பியதையும், அதே பேச்சு டுவேன் கிராட்ஸரின் மனத்தை மாற்றியதையும் நான் கண்ணால் பார்த்தேன். கான்சாஸில் எங்கள் வட்டாரத்தில் சூறாவளிப் பகுதியைக்கூடச் சிலர் நம்பிவிடுகிறார்கள். டுவேன் பகுதிக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. நாற்பது வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவன் நான். மூன்று கால் பசுவை அதன் சொந்தக்காரனுக்கே இரண்டு முறை விற்ற கதையை நானே பரப்பியிருக்கிறேன். டுவேனோ முப்பது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் ஆலங்கட்டிச் சேதம் பார்த்தவர். ஓட்டை விழுந்த கூரையைக் காட்டினால், "இது ஓட்டைதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய்.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் கிடையாது. அதனால் நாங்கள் இருவரும் பேச்சுக்கலை வகுப்பில் சேர்ந்தோம். நான் பேசுவதற்கு. அவர் நம்பாமல் இருப்பதற்கு.

ஆசிரியை மிஸஸ் பிக்ஸ்பி வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசித் தேர்வு, கேட்பவரின் மனத்தை மாற்றும் பேச்சு. பேசுகிறவருக்கு எதிராளியாக ஒருவரை வகுப்பே சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும். அந்த ஆள் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையில் ஒரே வரி: 'இந்தப் பேச்சைக் கேட்டு என் மனம் மாறியது.' கையெழுத்து விழுந்தால் பாஸ். இல்லாவிட்டால் இல்லை. இன்னொரு சட்டமும் உண்டு: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அசையக் கூடாது, கதவு சாத்தியே இருக்கும்.

டார்லா புரூயிட்டுக்கு எதிராளியாகச் சீட்டில் வந்த பெயர் டுவேன். அதுவரை எதிராளியாக உட்கார்ந்த ஒரு தடவையும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

டார்லாவுக்கு நாற்பத்துநாலு வயசு. முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு இந்த வகுப்பில் தேற வேண்டும். இரண்டு தடவை எழுந்து நின்று, வாயே திறக்காமல் உட்கார்ந்து தோற்றிருந்தாள். இது மூன்றாவது. நான்காவது தடவைக்குக் காலேஜில் இடமில்லை.

அந்த மே மாதப் புதன்கிழமை காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. வாகன நிறுத்தத்துப் பருத்திமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. தினமும் குப்பைத்தொட்டியில் சண்டை போடும் காக்கைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பதினொன்றரைக்கு மேற்கு வானம் ஊறுகாய் ஜாடித் தண்ணீர் மாதிரி பச்சையானது. என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பல் கட்டு தானாக ஆடியது என்று சொன்னால் டுவேன் மறுப்பார். சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டார்லா மேடையேறினாள். ரத்த அழுத்தத்தை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தலைப்பு. கையில் குறிப்புச் சீட்டுகள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அப்போது அபாயச் சங்கு ஊதியது.

யாரும் தலை நிமிரவில்லை. எங்கள் ஊரில் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒத்திகைச் சங்கு ஊதும். அதைக் கேட்டு யாரும் ஓடுவதில்லை, கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம். நானும் சரிசெய்தேன். கடிகாரம் ஒரு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று திட்டவும் திட்டினேன்.

டார்லாவின் முகம் வெளிறிப்போனது. பயந்துவிட்டாள், மூன்றாவது தடவையும் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிஸஸ் பிக்ஸ்பி பரிதாபமாக, 'இன்னும் நான்கு நிமிடம்' என்ற நேர அட்டையைத் தூக்கிக் காட்டினார். அடைத்த கதவுக்குள் இருபத்திரண்டு பேர் மரியாதையாக, மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஜன்னலில் பச்சை கறுத்துக்கொண்டே வந்தது.

"எழுந்திருங்க," என்றாள் டார்லா.

நாற்காலி ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை.

"புதன்கிழமைம்மா," என்றார் டுவேன், கை கட்டியபடி. "பயப்படாம பேச்ச ஆரம்பி."

அவள் சீட்டுகளைக் கீழே போட்டாள். நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ்டர் கிராட்ஸர், ஒவ்வொரு புதனும் சங்குக்கு முன்னாடி தீயணைப்பு நிலையத்துலருந்து எங்க இல்லத்துக்குப் போன் வரும், பெரியவங்க பதறக் கூடாதுன்னு. இன்னைக்கு வந்த போன்ல ஒத்திகை கிடையாதுன்னாங்க. வானம் மோசமா இருந்தா ஒத்திகை வைக்க மாட்டாங்க. உங்களுக்கும் தெரியும். ஜன்னலப் பாருங்க."

வானம் கெட்டால் ஒத்திகை இல்லை! ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அத்தனை பேரும் மறந்திருந்தோம். ஆனாலும் யாரும் எழவில்லை. எல்லாக் கண்ணும் டுவேன் மேல் இருந்தது. அவர் நம்பினால் நம்பலாம் என்கிற மாதிரி.

டுவேன் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அரை மைலுக்கு அப்பால் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் தானியக் கிடங்கு அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

டுவேன் எழுந்தார். அவ்வளவுதான், வகுப்பே எழுந்தது. நிலவறைப் படியில் நான் ஒன்பது பேரைத் தாண்டிக் குதித்தேன். என் முட்டியைத் தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

கீழே, பழைய கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து கிடந்தோம். கான்சாஸில் இதுவரை ஓடிய சரக்கு ரயில் அத்தனையும் ஒன்றாக எங்கள் தலைமேல் போயின. விளக்கு அணைந்தது. இருட்டில் யாரோ ஜெபம் சொன்னார்கள். டார்லா ஒவ்வொருவர் மணிக்கட்டாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வந்தபிறகுதான் மூச்சு விட்டாள்.

மேலே வந்தபோது வகுப்பறைக்கு மேற்குச் சுவர் இல்லை. மேடை இல்லை. நாற்காலிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. டுவேனின் நாற்காலி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அதன் முதுகில் வேலிப்பலகை ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

மிஸஸ் பிக்ஸ்பியின் தலைமுடியில் சுண்ணாம்பு. கையில் அந்தக் கையெழுத்து அட்டை மட்டும் கசங்காமல் இருந்தது.

"மிஸ்டர் கிராட்ஸர், சட்டம் சட்டம்தான். இரக்கப்பட்டு நான் மார்க் போட முடியாது. நீங்க சொல்லுங்க."

"எனக்குக் கால் மரத்துப்போச்சு," என்றார் டுவேன். "அதான் எழுந்தேன்."

"யோவ், நீ ஜன்னலப் பாத்துட்டு முயல் மாதிரி ஓடினதை நான் பாத்தேன்யா!" என்று கத்தினேன்.

"உன் சாட்சி செல்லாது, வெர்லின். அந்தப் பசுவுக்கு எத்தன கால்?"

டார்லா கெஞ்சவில்லை. "விடுங்க மேடம். எல்லாரும் இருக்காங்க, அது போதும்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் குறிப்புச் சீட்டுகளைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

டுவேன் மெதுவாகத் தன் நாற்காலிக்குப் போனார். சேதம் பார்க்கிற பழக்கம். பலகை நுழைந்த இடத்தை விரலால் தடவினார். தரையிலிருந்து எத்தனை உயரம் என்று சாணால் அளந்தார். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்தார். உயரம் சரியாக இருந்தது.

தென்மேற்கே வானம் மறுபடியும் பச்சையாகிக்கொண்டிருந்தது. தூரத்தில் பக்கத்து ஊர்ச் சங்கு ஆரம்பித்தது.

"பேனா குடு," என்றார் என்னிடம். அட்டையை அந்த நாற்காலி முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். டார்லாவிடம் நீட்டினார்.

"உக்காந்துதான் இருந்திருப்பேம்மா. நீ சொன்னதாலதான் எழுந்தேன்," என்றார். "நடந்தது நடந்ததுதான்."