லாரிக்காரன் பிரேக் டிரம்

என் கணவர் கத்பர்ட் ஸ்டீல் பேண்ட் இசைக்குழுவில் இரும்பு தட்டுபவர்; பழைய பிரேக் டிரம்மைக் கம்பியால் தட்டித் தாளம் போடுவார். எங்கள் காருக்கு பிரேக் டிரம் வாங்கிவர அவரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியது என் தப்பு. ஒவ்வொன்றாகக் கம்பியால் தட்டிப் பார்த்து, நன்றாக ஒலித்ததை வாங்கி வந்துவிட்டார். அது லாரியுடையது.

"காருக்கு வாங்கினீங்களா, கார்னிவலுக்கு வாங்கினீங்களா?"

"கோவிச்சுக்காத எசோலா. ஒரு தடவ கேளேன்."

தட்டினார். இரும்புக்குச் சாமியான ஓகுனை அழைக்கும் தாளம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கைவிலங்கோடு வந்த எங்கள் முன்னோர் கைவிடாமல் கொண்டுவந்தது. என் தோள் தானாகக் குலுங்கியது.

"சாமிய இப்படியா தூங்கி வழிஞ்சு கூப்பிடுவாங்க? குடுங்க கம்பிய!"

இந்த வருஷக் கார்னிவல் ஊர்வலத்தில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் வீதியில் இரும்பு தட்டியது நான். கார் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது.