மணமகள் அறையில் ஒரு தேர்வு

கிட்ட வாங்க கண்ணுகளா. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொள்ளுங்கள், வெயில் இன்னும் இறங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் நர்சுகளுக்குப் பாடம் நடத்திய ஒரு பெரிய மனிதரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஆனால் இதற்குள் ஒரு பையனின் உயிர் இருக்கிறது. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பெரிய மனிதர் பெயர் தனபால். மதுக்கரைப் பக்கம் சிமெண்டு வியாபாரத்தில் காசு பார்த்து, பாலக்காடு ரோட்டில் ஒரு மண்டபம் கட்டினார். தூணுக்குத் தூண் யானை, யானைக்கு யானை தங்கப் பெயிண்ட். கார் நிறுத்த மட்டும் இடம் விட மறந்துபோனார். அங்கே ஒரு கல்யாணம் நடந்தால் ரோடு கேரளா வரைக்கும் நின்றது. போலீஸ் வந்தது, கல்யாணம் வருவது நின்றது. அப்போது அவருடைய ஆடிட்டர், இன்றைய தேதிக்கு மனசுக்குத்தான் நல்ல மார்க்கெட் என்று காதில் போட்டார். அடுத்த மாதமே 'மனநலச் செவிலியர் முதுநிலைச் சான்றிதழ்ப் பயிற்சி மையம்' என்று யானைகளுக்கு மேலே பலகை ஏறிவிட்டது.

நர்சு படிப்பு முடித்து வேலையில் இருப்பவர்கள் மேலும் ஒரு வருடம் படிக்க வேண்டும். மனம் நொந்து வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, அதில் யாரை உடனே டாக்டரிடம் சேர்ப்பது என்று கற்றுத் தருவார்கள். நல்ல படிப்புதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் நடந்தது பந்தி போடுகிற கூடத்தில். நோயாளியிடம் பேசிப் பழகுகிற அறையின் கதவில் 'மணமகள் அறை' என்று பித்தளை எழுத்து அப்படியே இருந்தது. கழற்றினால் மண்டபத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம்.

அங்கே படிக்க வந்தவள் சாஜிதா பேகம். ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்சு. தினமும் ரயிலில் வந்து போவாள். சாகத் துணிந்து பிழைத்தவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். உடம்பைத் தேற்றி, சொந்தக்காரர்களிடம் புத்திமதி சொல்லி, ஆளை அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று அந்த ஆளிடமே ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்கிற முறை தெரிய வேண்டும் என்றுதான் அவள் சேர்ந்தாள். சான்றிதழோடு திரும்பினால் அங்கே புதிதாகத் தொடங்கும் மனநலப் பிரிவை அவளிடமே ஒப்படைப்பதாகப் பேச்சு.

பாடம் நடத்தியவன் அபிலாஷ். படித்தவன், நுனிநாக்கில் எல்லாம் வைத்திருப்பவன். 'உயிரை விடலாம்னு தோணுதா' என்று நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டால்தான் உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பார் என்று அருமையாகச் சொன்னான். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் தனபால் நின்றிருந்தார்.

"ஏனுங் தம்பி, தாலி கட்டற எடத்துல இதென்ன பேச்சுங்க? நாளப்பின்ன நாலு நல்லது நடக்கோணும். அந்தக் கேள்விய எடுத்துப்போடுங்க."

அபிலாஷ் கேள்வியை எடுத்துப் போட்டுவிட்டான். அந்த இடத்தில் 'வேற ஏதாச்சும் சங்கடமுங்களா' என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். படித்த முதுகெலும்பு எவ்வளவு லேசாக வளைகிறது பாருங்கள். சாஜிதா எழுந்து, அதைக் கேட்காமல் பின்னே எதைக் கேட்பது என்றாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான் அவன். எழுதிக் கொடுத்த கேள்விப் பட்டியலுக்கு வெளியே எதையாவது கேட்டால் செய்முறைத் தேர்வில் தோல்வி, சான்றிதழ் கிடையாது என்று சேர்த்தும் சொன்னான்.

தேர்வுக்கு நாள் குறித்ததும் தனபால்தான். வளர்பிறை, சுபமுகூர்த்தம், ராகுகாலம் கழித்து ஆரம்பம். அங்கேதான் அவருடைய மூளை அவரையே கவிழ்த்தது. நோயாளி போல நடிப்பதற்கு ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். முகூர்த்த நாளில் கொங்கு நாட்டில் எவன் சும்மா இருப்பான்? ஒருத்தர் பாக்கியில்லாமல் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். தேர்வைப் பார்க்க அவர் கூப்பிட்டு வந்திருந்த விருந்தாளிகளுக்கு முன்னால் மானம் போகிறதே என்று தவித்த தனபாலுக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. வீட்டில் ஒருத்தன் சும்மாதானே இருக்கிறான்?

அவர் மகன் கிருபாசங்கர். பெருந்துறையில் தறிப்பட்டறை வைத்திருந்தான். கொஞ்ச நாளாக அதை மூடிவிட்டு வீட்டோடு கிடந்தான். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை. ஏன் என்று அப்பா கேட்டதில்லை. சோம்பேறி என்று ஒரு பெயர் வைத்தார், பெயர் வைத்தால் விஷயம் முடிந்தது என்பது அவர் எண்ணம். கூப்பிட்டதும் பையன் வந்தான். நடிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார்கள், படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

மணமகள் அறைக்குள் நாற்காலிகள். மூலையில் மதிப்பெண் போட அபிலாஷ். எதிரே வீடியோ கேமரா. முன்பெல்லாம் தாலி கட்டுவதைப் பந்தியில் இருப்பவர்களுக்குக் காட்டுவார்களே, அதே கேமரா, அதே திரை. பந்திக் கூடத்தில் தனபாலும் விருந்தாளிகளும் இலை போட்டு உட்கார்ந்து தேர்வைப் பார்த்தார்கள். வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில் மனநோய்.

சாஜிதா பட்டியலில் உள்ளதை வரிசையாகக் கேட்டாள். தூக்கம் வருவதில்லை என்றான். பசி இல்லை என்றான். எழுதிக் கொடுத்தபடிதான். ஆனால் எல்லாவற்றையும் சிரித்த முகமாக, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னான். நம்மூர்ப் பிள்ளைகள் அப்படித்தானே, நெஞ்சு வெந்துகொண்டிருந்தாலும் எதிரே இருப்பவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். அவனும் கேட்டான். பிறகு எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒன்றைக் கேட்டான்.

"உங்க ஊர்ல நாய் வளத்தறவங்க யாராச்சும் இருக்கறாங்களாங்க? எங்கிட்ட ஒண்ணு இருக்குது. நல்ல நாயுங்க, கடிக்காது. சோறு மட்டும் நேரத்துக்கு வெச்சாப் போதும்."

பந்திக் கூடத்தில் சிரிப்பு கேட்டது. சாஜிதா சிரிக்கவில்லை. தன் நாய்க்கு இடம் தேடுகிறவன் எங்கே கிளம்புகிறான் என்று அவளுக்குப் பட்டது. மூலையில் அபிலாஷின் பேனா காத்திருந்தது. அந்தப் பேனாவில் அவள் ஒரு வருடம் ரயிலில் போய் வந்ததும், ஈரோட்டில் வரவிருந்த பொறுப்பும் இருந்தன. அவள் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, உசுர விட்டர்லாம்னு தோணுதுங்களா?"

அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஆமாங்க. இத்தன நாளா ஒருத்தரும் கேக்கலீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. தனபாலின் மகனா இப்படி நடிக்கிறான் என்று யாரோ சொல்ல, தனபால் இலையில் இருந்து நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொண்டாராம்.

அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை என்று அபிலாஷ் தொண்டையைச் செருமினான். தேர்வு முடிந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டு, சாஜிதா கேமராவைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். திரையில் வெறும் சுண்ணாம்பு தெரிந்ததும் தனபால் கைகூடக் கழுவாமல் ஓடி வந்தார். முதலில் கேமராவைப் பார்த்தார். பிறகுதான் மகனைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நல்லாத்தான நடிச்சுட்டிருந்தான்? அதுக்குள்ள எதுக்குங்க திருப்பிப்போட்டீங்க?"

"நானு நடிக்கலீங்கப்பா."

பையன் சத்தம்கூடப் போடவில்லை. தனபால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணுகளா, பெற்ற மகன் இப்படிச் சொல்கிறபோது ஒரு தகப்பனின் வாயில் என்ன வர வேண்டும்? அவர் வாயில் வந்தது இது.

"மெல்லப் பேசு. பந்தில ஆளுங்க இருக்கறாங்க."

உடனே டாக்டரிடம் போக வேண்டும், தனியாக விடக்கூடாது, நீங்களும் வாருங்கள் என்றாள் சாஜிதா. பந்தி பாதியில் இருக்கிறதே, விட்டுவிட்டு வந்தால் மரியாதையா என்றார் அவர். வண்டி மட்டும் அனுப்பினார், குளுகுளு வண்டி. அவருடைய பெருந்தன்மையில் அதையாவது எழுதி வைப்போம். வண்டியில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் சாஜிதா. டாக்டர் வந்து பார்த்து, படுக்கை கொடுத்து, கூடவே இருக்க அவனுடைய அத்தை வந்து சேரும்வரை அவள் நகரவில்லை. அந்த வெயிலில் அவள் ஒரு வாய் சோறும் சாப்பிட்டிருக்கவில்லை என்று அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பையன் பிழைத்தான். பட்டென்று இல்லை. மாத்திரை, பேச்சு, நடுநடுவே சறுக்கல், மறுபடியும் பேச்சு என்று மெதுவாக ஏறி வந்தான். தனபால் சொந்தத்தில் எல்லாரிடமும், மகனுக்கு முதுகுவலி, கேரளாவில் எண்ணெய் வைத்தியம் என்று சொன்னார். முதுகு யாருக்கு இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சாஜிதாவுக்குத் தோல்வி. பட்டியலை மீறினாள், கேமராவைத் திருப்பினாள் என்று அபிலாஷ் அழகான எழுத்தில் எழுதினான். ஈரோட்டுப் பொறுப்பு அதே மையத்தில் தேறிய வேறொருத்திக்குப் போனது. அவள் வருகிறவர்களிடம் வேறு ஏதாவது சங்கடமா என்று கேட்கிறாள், அவர்களும் இல்லைங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாஜிதா பழையபடி அவசரப் பிரிவில்தான் இருக்கிறாள். பிழைத்து எழுகிறவர்களின் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்கிறாள். பதில் ஆமாம் என்றால் டாக்டர் வரும்வரை எழுந்திருப்பதில்லை.

அடுத்த வருட சேர்க்கைக்கு மண்டபத்து வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் என்ன படம் என்கிறீர்கள்? கிருபாசங்கர் தலை குனிந்திருக்க, சாஜிதா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற, அன்றைக்குக் கேமராவில் பதிவான படம். தேர்வில் தோற்றவளையும், இல்லாத முதுகுவலிக்காரனையும் வைத்து, 'நிஜத்தை மிஞ்சும் செய்முறைப் பயிற்சி' என்று கீழே எழுத்து. வெட்கம் என்பதைத் தனபால் அந்தக் கார் நிறுத்துமிடத்தோடு சேர்த்து மறந்திருக்க வேண்டும்.

சேதி கேட்டு கிருபாசங்கர் பெருந்துறையிலிருந்து வந்தான். பட்டறையை மறுபடியும் ஓட்ட ஆரம்பித்திருந்த சமயம். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தான். ஃபிளெக்ஸை மடித்து வண்டியில் போட்டான். நல்ல கெட்டி ஃபிளெக்ஸாச்சே, வீணாக்கிப் போடாதே என்று தனபால் பதறினார்.

"வீணாவாதுங்கப்பா. மழைக்கு நாய்க்கு ஊடு ஒழுகுது."

இப்போது அது பட்டறைக்குப் பின்னால் கூரையாக இருக்கிறது. தனபாலின் எழுத்தெல்லாம் வெயில் பார்க்க, நாய் அடியில் காய்ந்த தரையில் தூங்குகிறது. நேரத்துக்குச் சோறு வைப்பவன் அவனேதான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய் வாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தால், அதைக் கண்டுகொள்கிற ஓர் ஆள் அந்த வீட்டில் இருக்கட்டும். பந்தி பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று எழுந்து வருகிற தகப்பன் உங்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் நிஜத்தைச் சொல்லி, நெடுநாள் வாழட்டும்.