கண் எழுதாத முகம்

...இன்னும் ஒரு விரற்கடைதான், அதற்கு மேல் போனால் என் உதடு கோபாலனின் தாடியில் பட்டுவிடும், படக்கூடாது, படப்போகிற மாதிரி நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம் என்று கமலநாதன் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார், முத்தம் கொடுத்து முடிப்பது ஒரு நொடி வேலை, கொடுக்கப் போவதுதான் படம். பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஹாலில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை, என் மேல் ஒரு மஞ்சள் படுக்கை விரிப்பு, அவன் மேல் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி, நான் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அவன் இயேசு. பெரிய வெள்ளி ஊர்வலத்தில், அண்ணன் வரைகிற திரைச்சீலையில் எங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவன் காது என் வாய்க்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். போகாதே. மூச்சு விடுகிற சத்தத்திலேயே சொல்லிவிடலாம், அண்ணனுக்குக்கூடக் கேட்காது... வாய அசைக்காதே லா சவரி, என்கிறார் அவர், மந்திரமா ஓதறே? கோபாலன் உடம்பு குலுங்குகிறது, சிரிக்கிறான். நீ சிரிக்காதே, சாகப் போறவன் நீ, என்று அவனுக்கும் ஒரு அதட்டல். சாகப் போறவனுக்கும் கூசும்ல அண்ணே, இவரு மீசை குத்துது.

என்னை எதற்குப் பிடித்தார்? இந்த முகத்துக்குத்தான். கமலநாதன் அண்ணன் கிள்ளானில் கோவில் திருவிழாக்களுக்குத் திரைச்சீலை வரைகிறவர், முருகனும் காளியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, கிறிஸ்தவப் படம் இதுதான் முதல். ஃபாதரைப் பார்க்க வந்த அன்று பூசை முடிந்து வெளியே வந்த என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், இவன் போதும் ஃபாதர், மேக்கப்பே வேணாம் என்றார். ஷா ஆலமில் டிப்ளோமாவைப் பாதியில் விட்டு கிள்ளான் கிடங்குக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இரவு ஷிஃப்ட், பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் வராத தூக்கம், கண்ணுக்குக் கீழே தார் பூசின மாதிரி இரண்டு குழி. ஃபாதர் மாதிரிக்கு ஒரு படம் கொடுத்திருந்தார், இத்தாலியில் ஏதோ ஒரு கோவில் சுவரில் இருப்பதாம், சுற்றிலும் தீவட்டி, தடி, ஈட்டி, நடுவில் யூதாஸ் தன் மஞ்சள் அங்கியால் இயேசுவை முழுசாக மூடிக்கொண்டு நிற்கிறான், வெளியே தெரிவது அவர் முகம் மட்டும். பாதுகாக்கிற மாதிரித்தான் இருக்கிறது. கோழி குஞ்சை மூடுகிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார், மஞ்சள் நமக்கு நல்ல காரியத்துக்குள்ள கலராச்சே, துரோகிக்கு ஏன் ஃபாதர் கொடுத்தீங்க? பழைய ஓவியர்கள் யூதாஸுக்கு மஞ்சள் பூசினார்கள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைக்கமாட்டார்கள், கடைசி இராவுணவுப் பந்தியில்கூட மேசைக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார வைப்பார்கள், சின்ன வயதில் ஞான உபதேச வகுப்பில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு, யார் முதலில் கண்டுபிடிப்பது என்று. வரைகிறவனுக்கு வேண்டுமானால் அது சரி. நிஜத்தில் அப்படித் தெரிந்திருந்தால் அவனை யார் பக்கத்தில் விட்டிருப்பார்கள்?

கோபாலனை இங்கே கூட்டி வந்தது நான்தான். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், எங்கள் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன், கம்பெனி அவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் லேபர் ஆபீசில் போய்ப் புகார் கொடுத்துவிட்டான். மறுநாளே அவன் வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்து வேலை பெர்மிட்டை வெட்டியது. அன்றிலிருந்து இந்த ஹாலுக்குப் பின்னால், குடில் பொம்மைகளும் ஈஸ்டர் மெழுகுவர்த்திகளும் போட்டு வைக்கிற அறையில் படுக்கிறான். ஃபாதருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். கிடங்கில் தெரிந்தது எனக்கு மட்டும். யூதாஸுக்கும், இயேசுவைப் பிடித்த அந்தத் தோட்டம் தெரிந்தது அப்படித்தான், எத்தனையோ சாயங்காலம் கூடப் போயிருக்கிறான், எந்த மரத்தடியில் உட்காருவார்கள் என்பதுவரை தெரியும். வெளி ஆளால் காட்டிக்கொடுக்க முடியாது. அதற்குக் கூடச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன் (கை கழுவுவது அந்தக் கதையில் வேறொரு ஆளின், தீர்ப்பு சொன்ன அதிகாரியின் வேலை, தெரியும்), பக்கத்துக் குழாயில் சூப்பர்வைசர் இராமலிங்கம் வந்து நின்றார். சவரி, அந்த ஊர்க்காரப் பையன் எங்க இருக்கான்னு நான் கேக்கல. கேட்டேனா? நீ சொல்லவும் வேணாம். பாஸ்போர்ட் ரெடியாம், கிடங்கு வாசல் செக்யூரிட்டி கார்டு போஸ்ட்ல வந்து வாங்கிக்கட்டும். நீ சொன்னா வருவான். இன்னிக்கே. அங்க யாரு இருப்பாங்க, என்றேன். கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார், இமிகிரேசன்காரங்க நம்ம இடத்துல டீ குடிக்கக் கூடாதா? அப்புறம் கையை உதறினார், தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. பகல் ஷிஃப்ட் வேணும்னு என் பின்னாடியே நடந்தியே லா, திங்கள்லருந்து பகல்ல வா. நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் ரயில் ஏறி இங்கே வந்து மஞ்சளைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். பிடித்தால் தடுப்பு முகாம், பிறகு விமானம், புகாரைக் கேட்க ஆள் இருக்காது, கம்பெனிக்கு வேண்டியது அதுதான். எனக்கு வேண்டியது? தூங்க வேண்டும். எல்லாரும் தூங்குகிற நேரத்தில் நானும் தூங்க வேண்டும், அவ்வளவு கேவலமான ஒன்று. தோட்டத்தில் அன்று சீடர்கள் எல்லாரும் தூங்கிப்போனார்கள், அவர் வந்து வந்து எழுப்பியும் தூங்கினார்கள், அந்தக் கூட்டத்தில் விழித்திருந்தவன் யூதாஸ் ஒருவன்தான். எந்தப் பிரசங்கத்திலும் இதை ஏன் சொல்வதில்லை?

சரி, டீ குடிங்க, என்று அண்ணன் தூரிகையைக் கீழே வைக்கிறார். நகர்ந்து போய்த் துணியைப் பார்க்கிறேன். என் முகம் முடிந்துவிட்டது, நன்றாக வந்திருக்கிறது, எனக்கே பிடிக்காத அளவுக்கு. கோபாலன் முகமும் முடிந்துவிட்டது, தாடி, மூக்கு, நெற்றியில் விழுகிற முடி, ஆனால் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் நிறம். கண் கடைசியில்தான், இன்றைக்குத்தான் திறக்கப் போகிறார். கண் திறக்கறப்ப எதிர்ல ஆள் நிக்கக் கூடாது, முதல் பார்வைய எந்த ஆளும் தாங்க மாட்டான், கண்ணாடிதான் காட்டணும், என்று சவரம் செய்கிற கண்ணாடி ஒன்றைக்கூடக் கொண்டுவந்திருக்கிறார். ஃபாதர் சிரித்தார், இது சிலை இல்லைங்க, படம். கண்ணு வச்சா எல்லாம் ஒண்ணுதான் ஃபாதர். துணியில் இயேசுவுக்கு நேர் எதிரே யூதாஸ் நிற்கிறானே, அவன் எங்கே நகர்வான்?

பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயை உறிஞ்சிக்கொண்டு கோபாலன் பக்கத்தில் வருகிறான். அண்ணே, காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கீங்க. இராமலிங்கம் ஏதாச்சும் சொன்னாரா? அவனே கேட்டுவிட்டான். எனக்கு ஒரு வேலை மிச்சம். அந்த மேசையிலும் அப்படித்தானே, உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று அவர் சொன்னதும் எல்லாரும் நானா நானா என்று கேட்டார்களே, அவனும் கேட்டானே... பாஸ்போர்ட் வந்திருச்சாம், என்கிறது என் வாய். கார்டு போஸ்ட்ல கொடுக்கறாங்களாம். நிஜமாவா அண்ணே? இன்னிக்கேவா? ம். ரொம்பச் சாதாரணமாக வந்தது, குரல்கூட உடையவில்லை. அவன் டீயை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தான், குனிந்து தன் கண்களில் ஒற்றிக்கொண்டான், முதலில் வலது, பிறகு இடது, சாமி பிரசாதத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி. இமை சூடாக இருந்தது. அண்ணே, நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியல, என்றான். நானும் வரவா, என்று வாய் தவறிக் கேட்டேன். வேணாண்ணே, நைட்டு பூரா நின்னுட்டு வந்திருக்கீங்க, நீங்க போய்ப் படுங்க. அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். செந்திரால் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். ஓடினால் பிடித்திருக்கலாம்.

அட, போய்ட்டானா? கண்ணுக்கு இப்ப யாரு நிப்பா, என்று அண்ணன் தலையைச் சொறிகிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், நீ வா லா இந்தப் பக்கம். முகம் அவனோடது முடிஞ்சிருச்சு, கண்ணு மட்டும்தானே. மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளை அங்கியை மாட்டுகிறேன், முதுகுப் பக்கம் அவன் வேர்வையில் ஈரமாக இருக்கிறது. துணியில இருக்கற யூதாஸைப் பாரு, என்கிறார். பார்க்கிறேன். கோபம் வேணாம். அழுகையும் வேணாம். தெரியுது, தெரிஞ்சும் ஒண்ணும் பண்ணல, அந்தப் பார்வை போதும். இயேசுவுக்கும் தெரிந்திருந்தது அல்லவா, தெரிந்தும் அவனைத் தடுக்கவில்லை, அப்போதும் நண்பன் என்றுதானே கூப்பிட்டார், அப்படியென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம்... இல்லை, இந்தக் கணக்கு உதவாது. அவர் விட்டுக்கொடுத்தது தன் உடம்பை. நான் அனுப்பியிருப்பது வேறொருவனின் உடம்பை.

தொடையில் போன் அதிர்கிறது. பகலில் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள், தூங்குவேன் என்று எல்லாருக்கும் தெரியும். விழித்திருப்பது தெரிந்தவன் ஒருவன்தான். ரயில் இப்போது சுபாங் தாண்டியிருக்கும், எந்த கேட் அண்ணே என்று கேட்பான், முன்னாலயா பின்னாலயா என்று. இறங்கிடு என்று ஒரு சொல். அண்ணன் தூரிகையை எடுத்துவிட்டார், முக்கியமான போனா தம்பி? எடுக்கறதுன்னா எடு, நான் நிறுத்தறேன். அவர் அதட்டியிருக்கலாம். அசையாதே என்றிருந்தால் பழியை அவர் மேல் போட்டிருப்பேன். இல்லண்ணே, என்றேன், நீங்க வரைங்க. போன் நின்றது. பிறகு மறுபடியும் அடித்தது, மறுபடியும் நின்றது. இந்தா, இப்பத்தான் வந்திருக்கு, அப்படியே வச்சிரு, என்று அவர் முனகிக்கொண்டே பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கடைசிக் கோட்டை இழுத்தார், பிறகு கண்ணாடியை எடுத்துத் துணிக்கு முன்னால் பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடிக்குள் தெரிந்தது. கோபாலனின் முகம், கோபாலனின் தாடி, அதற்குள்ளிருந்து என்னைப் பார்ப்பது நான். பெரிய வெள்ளிக்கு இந்தக் கண் முன்னால் முழங்கால் போடுவார்கள். மூன்றாவது தடவை அடித்தால் எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு, எடுப்பேன், நிச்சயமாக எடுப்பேன், கையை அங்கிக்குள் விட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அடிக்கவில்லை. கிள்ளான் வந்திருக்கும். இல்லாவிட்டால் அவனுக்குப் புரிந்திருக்கும், புரிந்தும் போய்க்கொண்டிருப்பானோ...