அவள் எழுதாத ராஜினாமா

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. வீட்டு வரியில் பெயர் மாற்ற ஊராட்சி அலுவலகத்துக்கு அலைந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டது. மிச்சம் என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

2

முதல் வரி: ஊராட்சித் தலைவி கண்ணீர் மல்க

(அடித்துவிட்டேன். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.)

மறுபடியும்: மக்கள் சேவையே மூச்சாகக் கொண்ட

(பச்சைப் பொய். பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதால், புருஷன் தனக்குப் பதிலாக நிறுத்திய ஆள் அவள்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். ஜெயித்தது அவள், நாற்காலியில் உட்கார்ந்தது அவன். ஊரார் அவனைத் தலைவர் என்றார்கள், அவளைத் தலைவர் சம்சாரம் என்றார்கள். அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், வெற்றுத்தாள் உட்பட. அவன் தம்பி கட்டிய சாக்கடை முதல் மழைக்கே வாயைப் பிளந்தது. தெருப் பெண்கள் கழிவுநீரில் நின்றுகொண்டு அவளைத்தான் ஏசினார்கள். அடுத்த வேலையும் தம்பிக்கே என்று அவன் தாளோடு வந்தபோது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

அவன் கத்தவில்லை. பழைய வெற்றுத்தாள் ஒன்றில், அவள் கையெழுத்துக்கு மேலே ராஜினாமாவை எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"இனிமே வீட்டு வேலையைப் பாரு."

3

மறுநாளே அவள் போய், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். முந்தின நாள் அவளைத் தேடாமலே ராஜினாமாவை வாங்கிவைத்த எழுத்தர் இப்போது அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையாம்மா?"

துணைத்தலைவருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பப் பெறச் சட்டத்தில் இடமில்லை என்று மனுப் போட்டார். விசாரணை வைத்தார்கள். அவள் வக்கீலிடம் போனாள்.

"கூட்டத்துல ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, எழுதிக் கொடுத்தவங்களே திரும்ப வாங்கிக்கலாம்மா. சட்டம் உங்க பக்கம். ஆனா நான்தான் எழுதினேன்னு நீங்க சொல்லணும்."

"நான் எழுதலையே."

"அப்ப உங்க வீட்டுக்காரர் மேல மோசடி கேஸ். மத்த வெத்துத்தாள்ல என்னென்ன எழுதினாரோ, அதுவும் வெளிய வரும். எல்லாத்துலயும் கையெழுத்து உங்களுது. ரெண்டு பேரும் உள்ள போவீங்க."

"பதவி வேணும்னா, அவரு எழுதினதை நான் எழுதினதா ஒத்துக்கணும்."

"ஆமாம்மா."

(இங்கே வக்கீல் வருத்தப்பட்டார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வக்கீல்களைப் பற்றி எனக்குத் தெரியும்.)

4

முடிவு ஒன்று. நான்தான் எழுதினேன் என்கிறாள். பதவி தங்குகிறது. அன்றோடு, அவன் பெட்டியில் மிச்சமிருக்கும் வெற்றுத்தாள்களில் எதை எழுதினாலும் அவள் சொன்னதாகிவிடும்.

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் கம்பி எண்ணுகிறார்கள். நாற்காலி துணைத்தலைவருக்கு. சாக்கடை வேலை தம்பிக்கே, ஏனென்றால் தம்பியும் துணைத்தலைவரும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறவர்கள்.

முடிவு மூன்று. ஊரே திரண்டு வந்து அவளுக்காக

(எனக்கே சிரிப்பு வருகிறது. சாக்கடைத் தெருவிலிருந்து ஒருத்தி வரவில்லை.)

5

விசாரணை அறை. அதிகாரி ராஜினாமாவை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பின்வரிசையில் வீட்டுக்காரன் தலையை ஆட்டினான். கேஸ் என்றதும் பயம் வந்துவிட்டது; அவள் வாயிலிருந்து ஓர் ஆமாம் இப்போது அவனுக்கும் தேவைப்பட்டது.

"இது நீங்க எழுதினதாம்மா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. வக்கீலையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள்.

அவள் பதிலை எழுதித்தான் வைத்திருந்தேன். கைதட்டு வாங்குகிற வசனம். கிழித்துப் போட்டேன். அவள் பேரில் அடுத்தவன் எழுதியது போதும். நீங்களும் எழுதாதீர்கள். வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், அவள் பேசட்டும்.